ஒரு வாரக் கேப்ஸ்யூலும் ஒரு கல்லீரலும்: இலவங்கப்பட்டைச் சாறு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

அமெரிக்காவில் 73 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுவலி, வாந்தி, பேதி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அந்த வயதில் இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் மருத்துவர் யோசிக்க வேண்டியவை நிறைய. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், கணைய அழற்சியாக இருக்கலாம், குடலுக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பாக இருக்கலாம். மாரடைப்பேகூடச் சில சமயம் வயிற்றுவலி வேடத்தில் வரும். பரிசோதனைகளின் முடிவில் கல்லீரல் அழற்சி என்று தெரிந்தது. இதய இரத்தக்குழாய் நோய்க்காக அவர் பல மாதங்களாக அதிக அளவில் ஸ்டாட்டின், நம் ஊர்ப் பேச்சில் கொலஸ்ட்ரால் மாத்திரை, சாப்பிட்டு வந்தார். என்னென்ன எடுக்கிறீர்கள் என்று விசாரித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது: ஏறக்குறைய ஒரு வாரமாக இலவங்கப்பட்டை சப்ளிமென்ட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டையும் நிறுத்தினார்கள். அவர் தேறி வீடு திரும்பினார். சில வாரங்கள் கழித்து ஸ்டாட்டினை மட்டும் மறுபடி தொடங்கினார்கள். பிரச்சினை எதுவும் வரவில்லை. ஆகவே, பட்டையும் ஸ்டாட்டினும் சேர்ந்ததால் வந்த கல்லீரல் அழற்சி என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்து, 2015-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள். தலைப்பையே கேள்விக்குறியோடு வைத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்குறி முக்கியம். இந்தச் சம்பவம் கைமாறிக் கைமாறி வாட்ஸப் வரைக்கும் வந்தபோது முதலில் உதிர்ந்தது அதுதான்.

பழி யார் மேல்?

மருந்தால்தான் கல்லீரல் கெட்டது என்று அடித்துச் சொல்ல ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின் என்ற இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் கல்லீரலுக்கு அடி விழுந்திருக்கிறது என்று சொல்லும். அடித்தது யார் என்று சொல்லாது. அதனால் மருத்துவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1993-இல் வெளியான ரூகாம் அதில் அதிகம் புழங்குவது. மருந்து தொடங்கி எத்தனை நாளில் தொந்தரவு வந்தது, நிறுத்தியபின் எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு வேகமாக இறங்கியது, நோயாளிக்கு 55 வயது ஆகிவிட்டதா, குடிப்பழக்கம் உண்டா, கூடவே சந்தேகப்பட வேண்டிய வேறு மருந்து இருந்ததா, வைரஸ் தொற்று இல்லையென்று உறுதியானதா, மறுபடி கொடுத்தபோது மறுபடி வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் புள்ளி கூட்டும், கழிக்கும்.

இந்தப் பெண்ணை அந்த அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம். கல்லீரல் செல்கள் நேரடியாக அடிபடும் வகையில், ஒரு மருந்தை முதன்முறை எடுப்பவருக்கு 5 முதல் 90 நாளுக்குள் தொந்தரவு தொடங்கினால் 2 புள்ளி. ஒரு வாரம் என்பது அந்த எல்லைக்குள் வருகிறது, ஆனால் வாசற்படியிலேயே நிற்கிறது. வயதுக்கு 1 புள்ளி கூடும். ஸ்டாட்டின் கூடவே இருந்ததால் பட்டையின் கணக்கில் புள்ளி கழியும். ஸ்டாட்டின் எடுப்பவர்களில் சிறு பங்கினருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவது தெரிந்த சங்கதி. அந்த ஏற்றம் பெரும்பாலும் லேசானது, அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதுகூட இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது இதய மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அந்த ஆபத்து பட்டையைவிடப் பல மடங்கு பெரிது.

வழக்கின் முதுகெலும்பு, ஸ்டாட்டினை மறுபடி கொடுத்துப் பார்த்தது. பழைய மருந்து தனியாகத் திரும்பி வந்தபோது கல்லீரல் சும்மா இருந்தது. அதனால் ஸ்டாட்டின் மட்டுமே காரணம் என்ற வாதம் விழுந்துவிடுகிறது. பட்டையை மட்டும் மறுபடி கொடுத்துப் பார்க்க முடியாது. நோயாளியைத் தெரிந்தே ஆபத்தில் தள்ளுவதாகும். எனவே பட்டை தனியாகச் செய்ததா, இரண்டும் கூட்டாகச் செய்ததா என்பதை இந்த ஒரு நோயாளியை வைத்துப் பிரித்தறிய வழியே இல்லை. மூன்றாவது வாய்ப்பு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் மருந்தால் வந்தது என்று கருதப்பட்ட 318 கல்லீரல் பாதிப்புகளைச் சோதித்ததில், சுமார் 3 சதவீதம் பேருக்கு அண்மையில் ஹெபடைட்டிஸ் ஈ தொற்றியதற்கான அடையாளம் இருந்ததாக 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. தானாக வந்து தானாகவே ஆறிப்போகும் தொற்று அது. பொதுவாக இத்தகைய எந்த ஒற்றை நோயாளி அறிக்கையைப் படிக்கும்போதும் இதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

என் கணிப்பு: பட்டை மேல் சந்தேகம் நியாயமானது, நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சந்தேகத்துக்குப் பின்னால் ஓர் வேதிப்பொருள் இருக்கிறது, அதன் பூர்வீகம் சுத்தமானதல்ல.

கூமரின்

பட்டையின் காரமும் வாசனையும் சின்னமால்டிஹைடு என்ற எண்ணெயால் வருவது. கல்லீரல் பேச்சில் அடிபடுவது கூமரின் என்ற வேறொரு பொருள். புல் அறுத்த வயலின் இனிய வாசம் அது. டோங்கா விதையிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் செயற்கை வனிலாவுக்குச் சுவைகூட்ட இதைச் சேர்த்தார்கள். விலங்குகளில் கல்லீரலைக் கெடுப்பது தெரிந்ததும் 1954-இல் அமெரிக்கா உணவில் தனியாகச் சேர்ப்பதைத் தடை செய்தது. பட்டையில் இயல்பாக இருப்பதற்கு அந்தத் தடை பொருந்தாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கூமரின் என்றதும் பலர் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை நினைத்துக்கொள்கிறார்கள். வார்ஃபரின் கூமரின் குடும்பத்து வாரிசுதான். பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்ததிலிருந்து அந்த மருந்தின் கதை தொடங்குகிறது. தீவனத்தில் இருந்த கூமரின் பூஞ்சையால் டைகூமரால் என்ற வேறு பொருளாக மாறியதால்தான் அந்த விளைவு. பட்டையில் இருக்கும் வெறும் கூமரினுக்கு அப்படி இரத்தத்தை நீர்க்கச் செய்யும் வேலை கிடையாது. அதன் வம்பு கல்லீரலோடுதான்.

உடலுக்குள் போன கூமரினில் பெரும்பகுதியைக் கல்லீரலின் சி.ஒய்.பி. 2ஏ6 என்ற நொதி தொந்தரவில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கொஞ்சம் மட்டும் வேறு பாதையில் திரும்பி, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய ஆல்டிஹைடு ஒன்றாகிறது. எலிக்கு இந்த இரண்டாவது பாதைதான் பிரதானம், அதனால் எலி சீக்கிரம் பாதிக்கப்படுகிறது. மனிதரில் பெரும்பாலோருக்கு முதல் பாதை தாராளமாகத் திறந்திருக்கும். ஆனால் அந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது; பிறப்பிலேயே அது மந்தமாக உள்ளவர்கள் உண்டு. யாருக்குக் கல்லீரல் கோபித்துக்கொள்ளும் என்பதற்கு இது மட்டுமே விளக்கம் என்று சொல்ல முடியவில்லை என்றாலும், ஒரு காரணமாக இருக்கலாம்.

மனிதரில் இது வெறும் யூகமாக நிற்கவில்லை. கூமரின் ஒரு காலத்தில் மருந்தாகவே கொடுக்கப்பட்டது. கை, கால் வீக்கத்துக்கும் சிலவகைப் புற்றுநோய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1989-இல் வெளியான ஒரு தொகுப்பில், கூமரின் எடுத்த 2,173 பேரில் 8 பேருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறின. அது 0.37 சதவீதம். அரிது என்பதற்கு ஆதாரமாகத்தான் அந்தக் கட்டுரையை எழுதினார்கள். ஆனால் 1990-களில் ஆஸ்திரேலியாவில் நிணநீர் வீக்கத்துக்கு இதே மருந்து புழங்கியபோது கல்லீரல் பாதிப்புகளும் இறப்பும் பதிவாகி, மருந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அரிது என்பதும் ஆபத்து என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

அளவை மறந்துவிடக்கூடாது. மருந்தாகக் கொடுத்தபோது நாளொன்றுக்குப் பல பத்து மில்லிகிராம், சில சமயம் நூற்றுக்கணக்கில். பட்டைத் தூள் கேப்ஸ்யூலில் வருவது சில மில்லிகிராம். 73 வயதுப் பெண்ணின் வழக்கில் என்னை உறுத்துவது இந்த இடைவெளிதான். ஒரே வாரத்தில், சில மில்லிகிராமில், கூமரின் மட்டுமே இவ்வளவு செய்திருக்குமா? அந்த மருத்துவர்கள் ‘கூட்டு’ என்று சொன்னது இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது.

எதிர்த்தரப்புச் சாட்சியும் இருக்கிறது. சுவீடனில் 2014-இல் வெளியான சோதனை ஒன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற, பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய 21 பேரில் பாதிப் பேர் நாளுக்கு 12 கிராம் கேசியாப் பட்டையை 12 வாரம் எடுத்தார்கள். நம் வீட்டில் ஒரு மாதத்துக்கு அவ்வளவு செலவாகாது. அவர்களின் கல்லீரல் நொதிகள் அசையவில்லை. இன்சுலின் வேலை செய்யும் திறனும் அசையவில்லை என்பது தனிக் கதை. அந்தப் பாதிப் பேரில் எதுவும் நடக்கவில்லை என்பதால், சில நூறு பேரில் ஒருவருக்கு நடக்கக்கூடியது நடக்காது என்று ஆகிவிடாது. அந்த அளவு ஆட்களில் அது கண்ணில் படவே படாது.

எந்த மரத்துப் பட்டை?

நாட்டு மருந்துக் கடையில் ‘பட்டை’ என்று கேட்டால் எடுத்துப் போடுவது தடித்த, கெட்டியான, செம்பழுப்பான ஒற்றைச் சுருள். உடைத்தால் சடக்கென்று மரச்சில்லு போல உடையும், நாக்கில் வைத்தால் சுரீரென்று காரம். இது கேசியா; சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வருவது. ‘சுருள் பட்டை’ என்றோ ‘சிலோன் பட்டை’ என்றோ கேட்டால் வேறொன்று வரும்: காகிதம் போல மெல்லிய உட்பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செருகி, சுருட்டு மாதிரி உருட்டியது. விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வாசனை மென்மை, விலை பல மடங்கு. இலங்கைத் தமிழர் கறுவா என்பது இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் சிலோன் பட்டைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இந்திய உணவுத் தர விதிகளும் கேசியாவையும் உண்மைப் பட்டையையும் தனித்தனி சரக்காகவே பிரித்து வைத்திருக்கின்றன. விதி பிரித்துவைத்த அளவுக்குக் கடை பிரித்துவைப்பதில்லை.

வித்தியாசம் கூமரினில் வானத்துக்கும் பூமிக்குமாக இருக்கிறது. கேசியாவில் கிலோவுக்குக் கிராம் கணக்கில். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பி.எஃப்.ஆர். சராசரியாகக் கிலோவுக்கு சுமார் 3 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டது. வியட்நாம், இந்தோனேசியச் சரக்கில் சில மாதிரிகள் அதையும் தாண்டும். சிலோன் பட்டையில் இருப்பது பெரும்பாலும் கண்டறியக்கூடிய சொற்பம் மட்டுமே.

சுருளாக இருக்கும்வரை கண்ணாலேயே பிரித்துவிடலாம். தூளாக்கிவிட்டால் முடியாது. கேப்ஸ்யூலுக்குள் போட்டு மூடிவிட்டால், ஆய்வகம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

புட்டியின் கணக்கு

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் கூமரினுக்கு ஒரு தினசரி எல்லை வகுத்தது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிகிராம். நாய்களில் இரண்டு ஆண்டு நடந்த சோதனையில் பாதிப்பில்லாத அளவை எடுத்து, நூறில் ஒரு பங்காக்கியது இந்த எண். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம். கிலோவுக்கு 3 கிராம் கூமரின் உள்ள கேசியாவில் அது 2 கிராம் தூளுக்குச் சமம். அதாவது 500 மில்லிகிராம் கேசியாத் தூள் கேப்ஸ்யூல் நாலு. காலை இரண்டு, மாலை இரண்டு என்று புட்டியில் அச்சிட்டிருக்கும் சாதாரண அளவே எல்லையைத் தொட்டுவிடுகிறது. இதை வாழ்நாள் முழுதும் தினமும் எடுப்பதற்கான எல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். ஓரிரு வாரம் மூன்று மடங்கு வரை தாண்டினாலும் கவலையில்லை என்று அதே ஆணையம் 2008-இல் தெளிவுபடுத்தியது. பிரியாணிக்கும் பாயசத்துக்கும் போடும் பட்டைக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

கேப்ஸ்யூலில் அடைத்ததால் கூமரின் வெளிவராமல் போய்விடும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஜெர்மனியில் ஆட்களை வைத்தே அளந்து பார்த்தார்கள். கேசியாத் தூளிலிருந்து உடலில் சேரும் கூமரினுக்கும், தனிக் கூமரினைக் கொடுத்தபோது சேர்ந்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதுவரை சொன்னது தூளுக்கு. சாறு, அதாவது எக்ஸ்ட்ராக்ட் என்று வந்தால் கணக்கு கைநழுவிவிடும். லேபிளில் ‘10:1’ என்றிருந்தால், பத்துப் பங்கு பட்டையைக் காய்ச்சி வடித்து ஒரு பங்காகச் சுருக்கியது என்று பொருள். 500 மில்லிகிராம் சாறு, பெயரளவில் 5 கிராம் பட்டை. கூமரினும் பத்து மடங்காகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எதில் வடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. எத்தனாலில் கூமரின் நன்றாகக் கரையும். தண்ணீரில் ஓரளவு கரையும், வெந்நீரில் கூடுதலாக. பாலிஃபீனால் இவ்வளவு சதவீதம் என்று சில தயாரிப்புகளில் போட்டிருப்பார்கள். நல்ல அம்சத்தின் அளவு அது, கெட்டது எவ்வளவு என்று சொல்லாது. ‘வாட்டர் எக்ஸ்ட்ராக்ட்’ என்றதும் கூமரின் இல்லை என்று நம்பிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி உறுதி சொல்ல வேண்டியது, அந்த பேட்சுக்கான பரிசோதனைச் சான்று மட்டுமே.

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சப்ளிமென்ட் விற்பனைக்கு வரும்முன் அது வேலை செய்கிறதா, பாதுகாப்பானதா என்று மருந்தைப்போல நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நியூட்ராசூட்டிகல் விதிகளின் கீழோ ஆயுஷ் உரிமத்தின் கீழோ வருகின்றன. டப்பாவில் உள்ள 14 இலக்க உரிம எண், தயாரிப்பவர் பதிவு பெற்றவர் என்று சொல்லும். உள்ளே எந்த மரம் என்று அது சொல்லாது.

சர்க்கரை குறையுமா?

பட்டைச் சாறு இவ்வளவு விற்பதற்கு வித்து 2003-இல் டயாபட்டீஸ் கேர் இதழில் வந்த ஒரு சோதனை. பாகிஸ்தானில் இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் 60 பேர். பாதிப் பேருக்கு நாளுக்கு 1, 3 அல்லது 6 கிராம் கேசியா, மீதிப் பேருக்கு வெறும் மாவு. 40 நாளில் வெறும்வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் இறங்கியது; டிரைகிளிசரைடும் கெட்ட கொலஸ்ட்ராலும்கூட இறங்கின. விலை குறைந்த ஒரு சமையல் சரக்கு மாத்திரைக்கு ஈடாக வேலை செய்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அதற்குப் பின் வந்தவை அந்த அளவுக்கு வரவே இல்லை. நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 25 பெண்களுக்கு நாளுக்கு 1.5 கிராம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்ததில் மாற்றமில்லை. ஜெர்மனியில் நீரில் வடித்த சாற்றை நாலு மாதம் கொடுத்ததில் வெறும்வயிற்றுச் சர்க்கரை சுமார் 10 சதவீதம் இறங்கியது, டம்மி மாத்திரை எடுத்தவர்களுக்கு 3 சதவீதம். ஆனால் மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. மாறவில்லை. 2012-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 10 சோதனைகள், 577 பேரை ஒன்றாக்கிப் பார்த்து, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்று எழுதியது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு வெறும்வயிற்றுச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராம் வரை குறைகிறது என்றது, அங்கேயும் ஹெச்.பி.ஏ.1.சி.யில் உறுதியான மாற்றம் இல்லை.

சர்க்கரை நோயில் கண், சிறுநீரகம், பாதம் எல்லாவற்றின் விதியையும் தீர்மானிப்பது அந்த மூன்று மாதச் சராசரிதான். காலையில் குளுக்கோமீட்டரில் 160 காட்டியது 140 ஆனால் மனசு குளிரும், நானும் மறுக்கவில்லை. அது மூன்று மாதக் கணக்கில் பிரதிபலிக்காவிட்டால், உடம்புக்கு எவ்வளவு மிச்சம் என்பது கேள்விதான். மாத்திரையைக் குறைக்க அது காரணமாகவே ஆகாது.

இப்போது இந்த ஆய்வின் மையமான சங்கதிக்கு வருகிறேன். காக்ரேன் தொகுத்த சோதனைகளில் பெரும்பாலானவை கேசியாவை வைத்து நடந்தவை, சராசரியாக நாளுக்கு 2 கிராம், 4 முதல் 16 வாரம். பாகிஸ்தான் சோதனையும் கேசியா. கூமரின் பயத்தைக் கிளப்பினால் விற்பவர் உடனே சொல்லும் பதில்: எங்களுடையது சிலோன் பட்டை, கூமரினே இல்லை. பயனுக்கு ஒரு மரம் சாட்சி, பாதுகாப்புக்கு இன்னொரு மரம் சாட்சி. பாதி வழியில் மரத்தை மாற்றிவிட்டு ஒரே பெயரில் விற்கிறார்கள்.

சிலோன் பட்டைக்கு எதுவுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கொழும்பு ஆய்வாளர்கள் 2017-இல் நலமான 30 பேருக்கு அதன் சாற்றை 85, 250, 500 மில்லிகிராம் என்று மாதம் ஒன்றாகக் கூட்டி மூன்று மாதம் கொடுத்தார்கள். நச்சு விளைவு தென்படவில்லை, கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு குறைந்தது. ஒப்பிடுவதற்கு டம்மி குழு இல்லாத முதற்கட்டச் சோதனை அது. எடுத்தவர்கள் நோயாளிகளும் அல்ல. பாதுகாப்பு என்ற பக்கத்தில் நம்பிக்கை தருகிறது, சர்க்கரை குறையும் என்ற பக்கத்தில் இன்னும் கேள்வித்தாள் நிலையிலேயே இருக்கிறது.

மருந்தோடு மோதும் இடங்கள்

73 வயதுப் பெண்ணின் சம்பவத்திலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதை அந்த மருத்துவர்களே எழுதிவிட்டார்கள்: ஸ்டாட்டின் எடுப்பவர்கள் பட்டை சப்ளிமென்ட்டைச் சேர்ப்பதை ஊக்குவிக்கக் கூடாது. நிரூபணம் அரைகுறை என்று மேலே வாதாடிவிட்டு இதை ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் தராசின் மறுதட்டில் எடை மிகக் குறைவு. உறுதியற்ற ஒரு பயனுக்காக, இதயத்தைக் காக்கும் நிரூபணமான மருந்தைச் சிக்கலில் மாட்ட வேண்டியதில்லை. கல்லீரல் கெட்டால் முதலில் நிறுத்தப்படுவது ஸ்டாட்டினும்தான். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்தச் சில வாரங்களே விலை உயர்ந்தவை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. குவைத்திலிருந்து 2019-இல் வெளியான அறிக்கை ஒன்றில், டாபிகேட்ரான் எடுத்துவந்த 80 வயது முதியவர் இஞ்சியும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சிய நீரைச் சில நாட்கள் குடித்தபின் உணவுப்பாதையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். இஞ்சியா, பட்டையா, இரண்டுமா என்பது இங்கேயும் பிரியவில்லை. வீட்டுக் கஷாயம்தானே என்று யாரும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

சர்க்கரை மாத்திரை, குறிப்பாக கிளிமெபிரைடு வகையோ இன்சுலினோ எடுப்பவர் பட்டைச் சாற்றையும் சேர்த்தால், வெறும்வயிற்றில் சர்க்கரை தாழ்ந்துபோக இடமுண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் பட்டை ‘வேலை செய்கிறது’ என்று சந்தோஷப்படாமல் உடனே சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். பாராசிட்டமால் தினமும் எடுப்பவர், காசநோய் மருந்தோ மெத்தோட்ரெக்சேட்டோ எடுப்பவர், மது அருந்துபவர், ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர் ஆகியோருக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவது வழக்கமான அறிவுரை. வாய்ப்புண், நாக்கு எரிச்சல் வந்தால் அது சின்னமால்டிஹைடின் வேலை, நிறுத்தினால் போய்விடும்.

இவை எதிலும் சேராதவர், மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுத்தே தீருவேன் என்றால்? லேபிளில் மரத்தின் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும். சின்னமோமம் வேரம் அல்லது செய்லானிகம் என்றிருந்தால் சிலோன் பட்டை. கேசியா, பர்மன்னி, லவுரேரி என்றால் கூமரின் மிகுந்த வகை. வெறும் ‘சின்னமன்’ என்று மட்டும் இருந்தால் கேசியா என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் ஒரு எல்.எஃப்.டி. (கல்லீரல் இரத்தப் பரிசோதனை), ஒரு ஹெச்.பி.ஏ.1.சி. எடுத்து வைக்கவும். மூன்று மாதம் கழித்து இரண்டையும் மறுபடி பார்க்கவும். சராசரி குறையவில்லையென்றால் அந்தப் பணத்தைக் கீரைக்கும் செருப்புக்கும் செலவிடலாம். நடைப்பயிற்சிக்கு இருக்கும் ஆதாரம் பட்டைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டி.

கல்லீரலைத் தவிர இன்னொரு கவலை 2023-இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பொட்டலங்களில் சேர்த்த பட்டைத் தூளில் ஈயம் ஏராளமாக இருந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதைத் தொட்டுத் தேடிப்போனதில்தான் பிடிபட்டது. நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைக் கலந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 2024 முதல் பல பட்டைத் தூள் வகைகளுக்கு அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஈய எச்சரிக்கை விடுத்துவருகிறது. தூளாக வாங்குவதைத் தவிர்த்து முழுப் பட்டையை வாங்கி வீட்டில் பொடிப்பதற்கு, மரம் அடையாளம் தெரிவதோடு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நிறுத்த வேண்டிய அறிகுறிகள். சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போவது, கண் வெள்ளை மஞ்சளாவது, காரணமில்லாத அரிப்பு, சோறு கண்டாலே குமட்டல், வலப்பக்க விலா எலும்பின் கீழ் வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் சப்ளிமென்ட்டை அன்றே நிறுத்திவிட்டு, மருத்துவர் எழுதிய மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், எல்லாவற்றையும் பைக்குள் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். புட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண்ணும் மிச்சக் கேப்ஸ்யூல்களும் இருந்தால்தான் உள்ளே என்ன இருந்தது என்று சோதிக்க முடியும். சந்தேகப்படும் பாதிப்பை மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியே தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. ஆயுஷ் உரிமத்தில் வந்த சரக்கென்றால் அந்தத் துறைக்குத் தனிக் கண்காணிப்பு மையங்கள் இருக்கின்றன.